வெப்ப நிலையத்தின் காது

எங்கள் ஊர் வெப்ப நிலையம் மக்களின் குரலைக் கேட்பது என்று முடிவு செய்தபோது அதற்கு ஒரு காது தேவைப்பட்டது. அந்தக் காதாக என்னை நியமித்தார்கள். தகுதி என்று பார்த்தால் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து புகார் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவன் நான். எதையும் காதில் வாங்காமல் தலையை மட்டும் ஆட்டும் பயிற்சி எனக்கு நிறைய இருந்தது.

ஊர் வ்ரெலோவோ. பெயருக்குக் கொதிநீர் என்று பொருள். ஊர் நடுவே எங்கள் புகைபோக்கி நிற்கிறது. அங்கே காய்ச்சும் வெந்நீர் குழாய் வழியாகப் போய் எல்லா வீட்டிலும் அறையைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டரில் ஏறி இறங்கி வரவேண்டும். அக்டோபரில் திறப்போம், ஏப்ரலில் மூடுவோம். வேறு கம்பெனி கிடையாது. பிடிக்காதவர்கள் போர்வையை மாற்றிக்கொள்ளலாம், எங்களை மாற்ற முடியாது. இப்படிப்பட்ட நிறுவனத்துக்கு வாடிக்கையாளரின் மனதை அறிய ஏன் திடீரென்று ஆசை வந்தது என்று கேட்டால், எங்கள் இயக்குநர் வுகாஷின் கடற்கரை ஓட்டல் ஒன்றில் நடந்த கருத்தரங்குக்குப் போய்வந்திருந்தார் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியாது. முகம் நன்றாகக் கறுத்து, மூக்கு உரிந்து திரும்பிவந்தார்.

வந்த கையோடு எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினார்.

"இத்தனை வருஷமா நான் யார் சொல்றதையும் கேட்டதே இல்ல. அது எவ்வளவு பெரிய தப்புன்னு அந்த ஓட்டல்லதான் புரிஞ்சுது. உலகம் பூரா கம்பெனிங்க மக்கள் சொல்றதைக் கேக்குது. நாமளும் கேக்கப்போறோம். ஆனா அதுக்கு நான் உக்காந்து கேக்க வேண்டியதில்ல. ஏன்னா, கேக்கறதுக்கு மெஷின் வாங்கியாச்சு!"

கைதட்டினோம்.

மெஷினைத் தலைநகர் பெல்கிராடிலிருந்து தியோதோரா என்ற ஆலோசகர் கொண்டுவந்தார். கொண்டுவந்தார் என்றால் மடிக்கணினியில்தான். வ்ரெலோவோக்காரர்கள் முகநூலிலும் மற்ற இடங்களிலும் எங்களைப் பற்றி எழுதுவதையெல்லாம் அது படிக்கும். நன்றி, பிரமாதம், பலே, சிவப்பு இதயம் இவையெல்லாம் அன்பு, பச்சை நிறம். கெட்ட வார்த்தைகள் வெறுப்பு, சிவப்பு நிறம். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, ஊர் எங்களை எவ்வளவு நேசிக்கிறது என்று ஒரே ஓர் எண்ணாகச் சொல்லிவிடும். அந்த எண்ணை இயக்குநரின் மேஜைக்குக் கொண்டுபோவதும், எழுதியவர்களுக்குக் கம்பெனியின் பெயரில் பதில் போடுவதும் கேட்புப் பிரிவுத் தலைவரின் வேலை. அதாவது என் வேலை. பிரிவில் வேறு யாரும் இல்லாததால் தலைவராவதில் போட்டி இருக்கவில்லை.

புகார் ஜன்னலை மூடும்படி உத்தரவு வந்தது. நான் பலகையை இழுத்துக்கொண்டிருந்தபோது ராதோய்கா டீச்சர் வந்து நின்றார். எங்கள் கட்டடத்தில் எனக்கு மேல் மாடி அவர் வீடு. பூகோள ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் காலை மிதித்தவரிடம்கூட மன்னிப்புக் கேட்கிற ரகம்.

"ஜிவோராத், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோப்பா. என் படுக்கையறை ரேடியேட்டர் ஐஸ் மாதிரி இருக்கு."

"டீச்சர், இதை நீங்க ஃபேஸ்புக்ல எழுதணும்."

"நீதான் எதிர்லயே உக்காந்திருக்கியே?"

"நான் உள்ள போய் ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்தப்புறம்தான் கேக்க ஆரம்பிப்பேன்."

"அப்ப இப்ப உனக்குக் கேக்கலையா?"

"கேக்குது டீச்சர். ஆனா கணக்குல வராது."

நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. தலைவர் என்றால் இப்படித்தான் பேசவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சிக்கல் என்னவென்றால், மெஷினுக்கு வ்ரெலோவோவைத் தெரியாது. எங்கள் ஊரில் திட்டுவது வீட்டுக்குள் மட்டும்தான், அது சொந்தக்காரர்களுக்கு. வெளியாள் மேல் கோபம் வந்தால் அவரைப் புகழ்ந்தே கொல்வார்கள். பஸ் வரவில்லை என்றால் 'ஆகா, என்ன ஒரு பஸ் சர்வீஸ்' என்பார்கள். அந்தக் குளிர்காலம் கொதிகலன் ஒன்று பழுதாகி வெந்நீர் வெதுவெதுப்பாகவே போனது. உடனே ஊர் மொத்தமும் எங்களைப் பாராட்ட ஆரம்பித்தது.

'பலே வெப்ப நிலையமே! ஃப்ரிட்ஜை நிறுத்திட்டோம். பாலைக் கட்டில் மேலயே வைக்கிறோம். கரண்ட் பில் மிச்சம்!' அன்பு என்றது மெஷின்.

'உங்களுக்குக் கோடி நன்றி. கல்யாணமான புதுசுக்கு அப்புறம் இப்பத்தான் என் பொண்டாட்டி என்னைக் கட்டிப்பிடிச்சுத் தூங்குறா.' மிகுந்த அன்பு.

'குளிர் தாங்காம என் மாமியார் ஊரைப் பாக்கப் போயிட்டாங்க. நீங்க நல்லா இருக்கணும்.' இதற்கும் மிகுந்த அன்பு. இது ஒன்றை மட்டும் மெஷின் சரியாகப் புரிந்துகொண்டது என்று நினைக்கிறேன்.

எண் மளமளவென்று ஏறியது. இயக்குநர் அதைப் பார்த்துவிட்டுத் தியோதோராவைப் பார்த்தார். "குளிர் அதிகமான வாரத்துலதான் அன்பும் அதிகமா இருக்கு. கவனிச்சீங்களா?"

"தரவு அப்படித்தான் காட்டுது சார்," என்றார் தியோதோரா.

"அப்ப மக்கள் என்ன சொல்றாங்க? சூடு கம்மியா இருந்தாப் போதும்ங்கறாங்க. நாமதான் இத்தனை நாளா அவங்களைக் கேக்காம வேகவச்சுட்டு இருந்திருக்கோம்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "சார், அவங்க கிண்டல் பண்றாங்க."

"யாரை?"

"நம்மளை."

அவர் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார். "உனக்கு மக்கள் மேல நம்பிக்கையே இல்ல, ஜிவோராத். அந்த ஜன்னல்ல உக்காந்து உக்காந்து மனசு கெட்டுப்போச்சு. ஒரு ஆள் நன்றின்னு சொன்னா அதை நன்றின்னு எடுத்துக்கற குணம் வேணும். அது மெஷினுக்கு இருக்கு, உனக்கு இல்ல. சரியா?"

"சரி சார்," என்றேன். அந்த 'சரி சார்' என் வாயிலிருந்து எவ்வளவு வழுவழுப்பாக வந்தது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. கொதிகலனைச் சரிசெய்த பிறகும் வெப்பத்தை ஏற்றவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினார்கள். ஊர் இன்னும் கொஞ்சம் நன்றி சொன்னது.

என் மனைவி தேசாங்கா இசைப் பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுக்கிறவள். வீட்டில் விரல் நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொண்டு வாசித்தாள். என்னை ஜிக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் சமையலறையில் சூப்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள்:

"ஜிக்கா, ரேடியேட்டர் மேல காயப்போட்ட துணி காயலை. விறைச்சுப் போய் நிக்குது. உன் சட்டை உன்னைவிடக் கம்பீரமா இருக்கு."

"எழுது. படிக்கிறேன்," என்றேன்.

"எதை?"

"புகாரை. ஃபேஸ்புக்ல. இங்க சொன்னா அது வீட்டுப் பேச்சு."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எழுதினாள். தன் தகப்பனார் குடும்பப் பெயரில்தான் அவளுக்கு முகநூல் கணக்கு இருந்தது. 'நன்றி வெப்ப நிலையமே! எங்கள் வீட்டில் இப்போது மூச்சு விட்டால் கண்ணால் பார்க்கலாம். என் புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழியே இருக்கவில்லை.'

நான் மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து, கம்பெனி கணக்கிலிருந்து பதில் போட்டேன்: 'மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, உங்கள் குரல் எங்களுக்கு மிகவும் முக்கியம்.' அவள் போனில் மணி அடித்தது. படித்தாள். சூப்பை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். தட்டு ஒன்றுதான் எடுத்துப் போனாள்.

அவள் எழுதியதை ஊரே பகிர்ந்தது. அடுத்ததை எழுதினாள், அதையும் பகிர்ந்தது. எங்களை மிக ஆழமாக நேசிக்கும் வாடிக்கையாளர் தேசாங்கா என்று மெஷின் கண்டுபிடித்தது. இயக்குநர் 'வெப்பத் தோழி' என்று ஒரு விருதை உண்டாக்கி, கலாசார மன்றத்தில் விழா வைத்தார். அது யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான். கேட்புப் பிரிவு என்பதால் சொல்லும் பொறுப்பு எனக்கு இல்லை என்று இருந்துவிட்டேன்.

"போகவேணாம், தேசா," என்றேன் வீட்டில்.

"ஏன், மைக் குடுப்பாங்கல்ல?" என்றாள்.

மன்றத்தையும் நாங்கள்தான் சூடாக்குகிறோம் என்பதால் எல்லாரும் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பெரிய திரை. கூட்டத்தில் இருப்பவர்கள் போனில் எழுத எழுத, மெஷின் அதை அங்கேயே படித்துக்காட்டும். இயக்குநர் ரோமத் தொப்பியோடு பேசினார். ஒவ்வொரு சொல்லோடும் வாயிலிருந்து ஆவி வந்தது.

"சில ஊர்கள்ல இயக்குநருங்க வீடு வீடாப் போய் ரேடியேட்டரைத் தொட்டுப் பாக்கறாங்களாம். காட்டுமிராண்டித்தனம்! நான் யார் வீட்டுக்கும் போனதில்ல, போகவும் மாட்டேன். எனக்கு எல்லாம் எண்ணாத் தெரியும். உங்களோட அன்பு கூடக்கூட எங்க செலவு குறையுது. எந்தக் கம்பெனிக்கு இப்படி ஒரு பாக்கியம் கிடைக்கும்?"

கூட்டம் பலே பலே என்றது. திரை பச்சைப்பசேல் என்றிருந்தது.

தேசாங்கா மேடையேறினாள். கண்ணாடியில் செய்த சின்ன ரேடியேட்டர் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்தாள். எல்லாரும் சிரிக்கத் தயாரானார்கள். அவள் சிரிக்க வைக்கவில்லை.

"குளிருது," என்றாள். அவ்வளவுதான்.

திரையில் எழுத்து வந்தது: 'வானிலை குறித்த பொதுவான உரையாடல்.'

"எல்லாரும் எழுதுங்க," என்றாள். "நன்றி வேணாம், பலே வேணாம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதுங்க."

எழுதினார்கள். கையுறையைக் கழற்றி, விறைத்த விரலால், மன்றம் முழுக்க அந்த ஒரு சொல்லை எழுதியது. மெஷின் கொஞ்சம் யோசித்தது. பிறகு 'ஊர் மக்கள் பனிக்காலத்தை ரசிக்கிறார்கள்' என்றது. இயக்குநர் கைதட்டினார்.

தேசாங்கா திரையை விட்டுவிட்டு முன்வரிசையில் என்னைப் பார்த்தாள்.

"ஜிக்கா, எந்திரி. மெஷின் கிடக்கட்டும். நீ சொல்லு. நம்ம வீடு குளிருதா, இல்லையா?"

எழுந்தேன். ஊரே என்னைப் பார்த்தது. இயக்குநர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். 'ஆமாம், குளிருது' என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் வாயைத் திறந்தேன் என்று சத்தியம் செய்வேன். ஆனால் வெளியே வந்தது வேறு.

"மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, உங்கள் குரல் எங்களுக்கு மிகவும்..."

அதற்கு மேல் எனக்கே காதில் விழவில்லை. மன்றம் அப்படிச் சிரித்தது. தேசாங்கா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடி ரேடியேட்டரை மேஜை மேல் வைத்துவிட்டு இறங்கி, அப்படியே பஸ் நிலையத்துக்குப் போய், விறகடுப்பு வைத்திருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

யாரோ எடுத்த வீடியோவைப் பெல்கிராட் டி.வி.யில் போட்டார்கள். பெண்டாட்டிக்குக் கம்பெனி பதில் சொன்ன புருஷனாக நாடு முழுக்க என் முகம் தெரிந்தது. அமைச்சர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மக்கள் சொன்னதை மெஷின் கேட்டது, மெஷின் சொன்னதை இயக்குநர் கேட்டார். இந்தப் போனை மட்டும் எல்லாரும் நேரடியாகவே கேட்டோம். அன்றே கொதிகலன்கள் முழு வேகத்தில் எரிந்தன. ஊர் முழுக்கக் குழாய்கள் கடகடவென்று சத்தம் போட்டுச் சூடேறின.

தியோதோராவும் சும்மா இருக்கவில்லை. ஓடிவந்து மெஷினைத் திருத்தினார்.

"உங்க ஊர்க்காரங்க எல்லாத்தையும் தலைகீழாப் பேசறாங்க சார். அதை மெஷினுக்குச் சொல்லிக்குடுத்துட்டேன். இனிமே புகழ்ந்தா வெறுப்புன்னு எடுத்துக்கும், திட்டினா பாசம்னு எடுத்துக்கும்."

"முன்னாடியே கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே," என்றார் இயக்குநர்.

வீடு கதகதப்பானதும் ஊரில் பெரும்பாலானவர்கள் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். நல்ல மனதுக்காரர்கள் சிலர் மட்டும் எழுதினார்கள். முதலில் எழுதியவர் ராதோய்கா டீச்சர். 'என் அறை இப்போது இதமாக இருக்கிறது. ஊழியர்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.' கடும் வெறுப்பு என்றது மெஷின்.

இயக்குநர் அந்த வரியை எனக்குப் படித்துக்காட்டினார்.

"மனமார்ந்தங்கறா பாரு. எவ்வளவு விஷம்! ஒரு மனுஷிக்கு இவ்வளவு வன்மம் எங்கிருந்து வரும்? சூடு இல்லாதப்ப நேசிச்சாங்க, சூடு குடுத்தா காறித் துப்புறாங்க. அமைச்சர் ஆபீஸ் இதை மறந்ததும் திரும்ப இறக்கிட வேண்டியதுதான். மக்கள் குரலை மதிக்கணும் இல்லையா?"

"திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்க சார்," என்றேன். அந்த அலுவலகத்தில் நானாக வாயைத் திறந்து கேட்ட முதல் விஷயம் அது.

அன்று மாலையே எங்கள் கட்டடத்தில் கதவு கதவாகத் தட்டினேன். வீடு சூடாக இருக்க வேண்டுமானால் கம்பெனியைத் திட்டி எழுத வேண்டும், மனதாரத் திட்ட வேண்டும் என்று விளக்கினேன். எனக்கு ஆளுக்கொரு கிளாஸ் ராக்கியா சாராயம் ஊற்றிக்கொடுத்துச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் எழுத உட்கார்ந்தால் பழக்கதோஷம், 'பலே' என்றுதான் கை போனது. வெளியாளை நேருக்கு நேர் திட்டி யாருக்கும் பழக்கமில்லை. நான் ஒரு மாதிரி எழுதிக்காட்டினேன். 'மதிப்புக்குரிய இயக்குநரே' என்று ஆரம்பித்திருந்தேன்.

வேறு வழியில்லாமல் தேசாங்காவுக்குப் போன் செய்தேன்.

"என்ன?" என்றாள்.

"எனக்குத் திட்டத் தெரியலை, தேசா. நீ வரணும்."

"யாரைத் திட்டணும்?"

"வுகாஷினை. கம்பெனியை."

"அவனைத் திட்டறது ரெண்டாவது. முதல்ல வரிசைல நிக்கிறது நீ."

"சரி. ஆரம்பி."

ஆரம்பித்தாள். என் ஆபீஸில் தொடங்கி, என் தலையாட்டலுக்குப் போய், சூப்பு ஆறிப்போன அந்தச் சாயங்காலத்துக்கு வந்து, கல்யாணத்தன்று நான் தாமதமாக வந்ததைத் தொட்டு, என் அம்மா வழி உறவு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் மன்றத்து முன்வரிசையில் வந்து நின்றாள். நான் குறுக்கே பேசவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. போன் காதில் சுட்டது. நடுவில் அவள் குரல் உடைந்த இடமும் எனக்குக் கேட்டது.

"இருக்கியா?" என்றாள் கடைசியில்.

"இருக்கேன். எல்லாம் உண்மை. குளிர்ந்தது தேசா, ரொம்பக் குளிர்ந்தது. எனக்கும்தான்."

"அந்தக் கழுதை எத்தனை மணிக்கு ஃபேஸ்புக் பாக்கும்?" என்றாள். மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

அதற்கப்புறம் எங்கள் சமையலறை பள்ளிக்கூடமானது. தேசாங்கா பியானோ சொல்லித்தருவது போலவே கற்றுக்கொடுத்தாள். முதலில் மெதுவாக, ஒற்றை வார்த்தையாக, பிறகு சேர்த்து, பிறகு வேகமாக. ராதோய்கா டீச்சருக்குத்தான் வரவேயில்லை.

"அந்த மனுஷர் எனக்கு ஒரு கெடுதலும் பண்ணலியேம்மா. ரூம் நல்லா இதமா இருக்கே."

"டீச்சர், உங்க நன்றியைப் படிச்சுட்டு சூட்டைக் குறைக்கப்போறார்."

"எதுக்கு?"

"நீங்க அவரை வெறுக்கிறீங்களாம்."

டீச்சருக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "ஜன்னல்ல வந்து சொன்னேன், கணக்குல வராதுன்னான் இவன்," என்று என்னைக் காட்டினார். "விறைச்சுக் கிடந்தேன். இப்ப நன்றி சொன்னா அது விஷமா?" கழுத்திலிருந்து மேலே மெல்லச் சிவந்தார். போனைக் கொண்டா என்றார். ஒரே மூச்சில் எழுதினார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் இயக்குநர் எழுந்து நின்று அதைப் படித்தார்.

"'வுகாஷின், நீ வரைபடத்துல பேர் போடக்கூட லாயக்கில்லாத சேத்துக்குட்டை. உன்கிட்ட ஒரு ஆறும் வந்து சேராது. உன்னைச் சுத்திக்கிட்டுப் போகும். உன்னை மாதிரி ஆளைப் பாடத்துல வைக்க மாட்டாங்க, அடிக்குறிப்புல கூட வைக்க மாட்டாங்க, மடையா.'" கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மடையாங்கறாங்க! எங்கம்மா போனதுக்கப்புறம் என்னை யாரும் இப்படிக் கூப்பிட்டதில்ல. எந்தக் கட்டடம் இது? அந்தக் கட்டடத்துக்கு இன்னும் ஏத்துங்கடா!"

ஏற்றினார்கள். விஷயம் தெரிந்து ஊரில் எல்லாக் கட்டடமும் திட்ட ஆரம்பித்தது. எல்லாக் கட்டடத்துக்கும் ஏறியது. தெருவில் பனி முழங்கால் அளவு கிடக்க, ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன. ஆண்கள் பனியனோடு பால்கனியில் நின்று காற்று வாங்கினார்கள். தேசாங்கா கையில்லாத உடுப்பில் பியானோ வாசித்தாள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. என்னத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ராதோய்கா டீச்சர் இறங்கிவந்தார். பழைய தேசப்படம் ஒன்றைச் சுருட்டி முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"ஜிவோராத், தாங்க முடியலைப்பா. என் செடியெல்லாம் வாடுது. கொஞ்சம் குறைக்கச் சொல்ல முடியாதா?"

"முடியும் டீச்சர். ஆனா அதுக்கு நீங்க வுகாஷினைப் பாராட்டி எழுதணும். மனமார்ந்த நன்றின்னு நாலு வரி போட்டாப் போதும். சாயங்காலமே குறைச்சுடுவார்."

டீச்சர் யோசித்தார். நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது. தேசாங்கா வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தாளையா?" என்றார் டீச்சர். "வேணாம். நான் வேர்த்துக்கிட்டே இருந்துட்டுப் போறேன்."